பச்சை மாறாத வளையம்

குளியல் தொட்டியில் ஒரு சாண் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. அதில் ஒரு பச்சை வளையம் கவிழ்ந்து கிடக்கிறது. தொட்டியின் விளிம்பில் என் வீட்டுக்காரர், வேலைக்குப் போகிற பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வளையம் மிதந்து மேலே வந்துவிடாமல் இரண்டு உள்ளங்கைகளாலும் அதை மெல்ல அழுத்திப் பிடித்திருக்கிறார். கதவருகே பிளாஸ்டிக் நாற்காலியில் நான். அதிகம் நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டதும் அவர்தான். ஷார்ஜாவில் நாங்கள் குடியிருந்த வீட்டைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஹாலும் இல்லை, பால்கனியும் இல்லை. இந்தக் குளியலறைதான்.

இரண்டாயிரத்துகளின் நடுவில் ஒரு டிசம்பர் மாதம் அது. தினமும் காலையில் இந்த வேலை நடந்தது. நான் நாற்காலியில் இருந்தபடி வாய் ஓயாமல் பேசுவேன். அப்பா இதைப் பார்த்தால் என்ன சொல்வார், எந்தச் சுவரில் மாட்டச் சொல்வார், யார் யாரைக் கூப்பிட்டுக் காட்டுவார் என்றெல்லாம். வீட்டுக்காரர் தலை குனிந்தபடி உம் கொட்டுவார். அந்தக் காலைகளில் பெரும்பாலானவற்றில் என் அப்பா உயிரோடு இல்லை. தூத்துக்குடியில் அவரை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். அது என் வீட்டுக்காரருக்குத் தெரியும், என் அண்ணனுக்குத் தெரியும், எங்கள் தெரு முழுக்கத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற வேலை பார்த்தவர். கல்யாணப் பத்திரிகை, ஞாயிற்றுக்கிழமைக் கோயில் அறிக்கை, கடைகளின் பில் புத்தகம் என்று வருடம் முழுக்க வேலை ஓடினாலும், அவருக்குப் பிடித்த மாதம் நவம்பர்தான். அப்போதுதான் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அச்சடிப்பார்கள். அச்சகத்தில் துத்தநாகத்தில் செய்த ஒரு பழைய படக்கட்டை இருந்தது. இலைகளால் பின்னிய ஒரு வட்டம், கீழே ஒரு ரிப்பன் முடிச்சு. நடுவில் காலியாக இருக்கிற இடத்தில் வாழ்த்து வாசகத்தைக் கோத்துப் பச்சை மையில் அடிப்பார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஊரில் பாதிப் பேருக்கு அந்த அட்டைதான் போகும். அப்பாவுக்கு அந்த இலை என்ன இலை என்று ஒரு சந்தேகம் உண்டு. பங்குச் சாமியாரிடம் கேட்டிருக்கிறார். துறைமுகத்துக்கு வந்த கப்பல்காரர் ஒருவரிடமும் கேட்டிருக்கிறார். குளிர் தேசத்து மரம், ஊசி ஊசியாக இலை இருக்கும், பனிக்காலத்திலும் உதிராது என்று சொன்னார்களாம். "அப்ப நம்ம சவுக்கு மாதிரிதான்" என்று அப்பா முடிவுக்கு வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் சவுக்குக் கிளைதானே. ஆனாலும் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. வருடா வருடம் முதல் அட்டை அச்சாகி வந்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த இலையையே பார்ப்பார்.

என் வீட்டுக்காரர் துபாயில் பூ இறக்குமதி செய்கிற ஒரு கம்பெனியின் குளிர்க்கிடங்கில் சூப்பர்வைசராக இருந்தார். வெளியே நாற்பது டிகிரி கொளுத்தும்போது உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிற வேலை. அதனால் வருடம் முழுக்க அவருக்குச் சளி. நவம்பர் கடைசியில் ஹாலந்திலிருந்து பெட்டி பெட்டியாகக் கிறிஸ்துமஸ் வளையங்கள் வந்து இறங்கும். ஹோட்டல்களும் வெள்ளைக்காரர்கள் குடியிருக்கிற வில்லாக்களும் வாங்கிக்கொள்ளும். அந்த வருடம் ஒரு பெட்டி நசுங்கி வந்திருக்கிறது. கம்பி கோணிப்போன வளையம் ஒன்றை மேனேஜர் வேண்டாம் என்று ஒதுக்க, இவர் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். கம்பியை நிமிர்த்தியதும் பழுதே தெரியவில்லை. அதை நான் மடியில் வாங்கி வைத்துக்கொண்டபோது வந்த வாசனையை இன்றுவரை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. எலுமிச்சம்பழத் தோலும் மழையில் நனைந்த பலகையும் சேர்ந்தாற்போல் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே போன் கார்டைச் சுரண்டி அப்பாவைக் கூப்பிட்டேன். "அப்பா, ஒங்க அச்சாபீஸ் வட்டம் இப்ப எம் மடியில கெடக்கு" என்றேன். அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. புரிந்ததும் கேள்வி மேல் கேள்வி. இலை எந்த நீளம், காம்பில் ஒற்றையாக முளைத்திருக்கிறதா கொத்தாகவா, அடிப்பக்கம் வெளிறி இருக்கிறதா. ஜனவரியில் ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன் என்றேன். "கொண்டுவந்தா பச்சையா கொண்டு வா எம்மா. காய்ஞ்சு வந்துச்சுன்னா அதுக்கும் சவுக்குக்கும் என்ன வித்தியாசம்" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே கார்டு தீர்ந்துபோனது. நான் அவர் குரலைக் கேட்டது அதுதான் கடைசி.

ஊருக்குப் போவது டாக்டர் கையில் இருந்தது. அதற்கு முன் இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவதாக வந்ததை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று டாக்டரம்மா என்னைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தார். மாடிப்படி ஏறக் கூடாது, விமானம் கூடவே கூடாது, மனசுக்கு எந்த அதிர்ச்சியும் வரக் கூடாது. ஜனவரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் நல்லபடியாக இருந்தால் அனுப்புகிறேன் என்றார். அதுவரை எனக்கு இருந்த ஒரே வேலை அந்த வளையத்தைப் பச்சையாக வைத்துக்கொள்வதுதான். ஐரோப்பாவில் குளிர்காற்றில் வாசல் கதவில் தொங்க வேண்டிய பொருள், ஏசி காற்றில் இரண்டே வாரத்தில் காய்ந்து முறுகிவிடும் என்று என் வீட்டுக்காரர் முதல் நாளே சொன்னார். சொல்லிவிட்டு அவரே அதற்கான ஏற்பாட்டிலும் இறங்கினார்.

வெட்டுப்பட்ட கிளை வேரில்லாமல் நிற்கிறது, இலை வழியாகத்தான் அது குடிக்க வேண்டும் என்பார். அதனால் காலையில் தொட்டியில் ஊற வைப்பது. பிறகு எடுத்து உதறி, தண்ணீர் வடியத் துணி காய்கிற கொடியில் மாட்டுவது. பகலில் நான் மணிக்கொரு தரம் ஸ்ப்ரே பாட்டிலால் பின்பக்கத்தில் தண்ணீர் அடிக்க வேண்டும். முன்பக்கம் நனைத்தால் அழகாகத் தெரியுமே தவிர, கிளையின் வெட்டுவாய் எல்லாம் பின்னால்தான் இருக்கிறது. ஏசி காற்று நேரே படக் கூடாது. வெயில் ஒரு கீற்றுகூட விழக் கூடாது. இரவு படுக்கப் போகும்போது நனைத்த செய்தித்தாளில் சுற்றிப் பெரிய கவரில் போட்டுப் பால்கனியில் வைத்துவிடுவார். டிசம்பரில் ஷார்ஜா இரவும் கொஞ்சம் குளிரும். காலையில் எழுந்ததும் ஓர் இலையை விரலால் மடக்கிப் பார்ப்பார். வளைந்தால் உயிர் இருக்கிறது, ஒடிந்தால் போயிற்று என்று கணக்கு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் நாடியைப் பார்க்கிற மாதிரி அவர் அதைப் பார்ப்பதாக நான் கேலி செய்வேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான திருவருகைக் காலத்தின் இரண்டாவது வாரத்தில் ஒருநாள் அவர் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். சரக்கு வரவில்லை, டூட்டி சீக்கிரம் முடிந்துவிட்டது என்றார். வந்ததும் வளையத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் டாங்க் காலியாகிவிடும், வாட்ச்மேன் சண்டைக்கு வருவான் என்று நான் கட்டிலில் இருந்தே சத்தம் போட்டேன். வெளியே வந்தவரின் கண் இரண்டும் சிவந்திருந்தன. கேட்டதற்கு, இலைக்கு அடிக்கிற மருந்து கண்ணில் பட்டுவிட்டது என்றார். நான் அவரைக் கிட்டே வரச் சொல்லி, தலையை என் மடியில் சாய்த்து, முந்தானையை வாயால் ஊதிச் சூடாக்கிக் கண்ணில் ஒற்றி எடுத்தேன். அவர் அசையாமல் கிடந்தார். அன்று காலையில்தான் அப்பா அச்சகத்துக்குப் போகிற வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று அண்ணன் இவருடைய மொபைலுக்குப் பேசியிருக்கிறான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் பேசினபோது அண்ணன் எடுத்தான். அப்பாவைக் கூப்பிடு என்றேன். "தொண்ட கட்டிக்கிட்டு பிள்ள. குரலே வரல. டாக்டர் பேசவே கூடாதுன்னு சொல்லியிருக்காவ" என்றான். அவன் குரலும் கரகரவென்று இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டதாக்கும் என்று நினைத்தேன். மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொல்லி மதினிக்கு நீளமாகப் பக்குவம் சொன்னேன். மதினி சரி சரி என்று கேட்டுக்கொண்டாள். அந்தப் பெண் அன்று அதை எப்படிக் கேட்டாளோ. பேசி முடித்ததும் என் வீட்டுக்காரர் போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

அந்த வாரம் வளையத்தைக் கதவில் மாட்டிப் பார்க்க எனக்கு ஆசை வந்தது. படத்தில் எல்லாம் கதவில்தானே தொங்குகிறது. வெளிப்பக்கம் ஆணியடிக்க முடியாதென்று கண்ணை உறுத்தாத ஒரு கயிற்றில் கட்டி அவர்தான் தொங்கவிட்டுப் போனார். அன்று பகலில் அழைப்புமணி அடித்தது. எதிர்வீட்டு அக்கா நின்றிருந்தார். ராமநாதபுரத்துப் பக்கம், வீட்டுக்காரர் ஏதோ சைட்டில் ஃபோர்மேன். குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம். கையில் ஒரு ஃபிளாஸ்க், முகத்தில் சிரிப்பில்லை. தயங்கித் தயங்கி உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரு தங்கச்சி தவறுனது? ஊர்லயா?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வாசல்ல வளையம் வச்சிருக்கீகளே. அடுப்பு பத்த வச்சிருக்க மாட்டீகன்னு காப்பி போட்டு எடுத்தாந்தேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. நம் ஊரில் இலையிலோ பூவிலோ வளையம் கட்டினால் அதைச் செத்தவர் நெஞ்சின் மேல் வைப்போம், வேறு எதற்குக் கட்டுகிறோம். அவர் கண்ணுக்கு எங்கள் வீடு துக்க வீடாகத் தெரிந்ததில் என்ன தப்பு. இது கிறிஸ்துமஸ் அலங்காரம் அக்கா என்று சொன்னதும் அவருக்கு வெட்கமும் பயமும் சேர்ந்து வந்துவிட்டன. பிள்ளைத்தாச்சி வீட்டில் அபசகுனமாகப் பேசிவிட்டேனே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் அவரை உட்கார வைத்து, அந்தக் காப்பியை இரண்டு டம்ளரில் ஊற்றி, இருவரும் சிரித்துக்கொண்டே குடித்தோம். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் இதை நடித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்துபோய் வளையத்தைக் கழற்றி உள்ளே கொண்டுவந்தார். வெளியே தூசி படியும், ஹாலிலேயே இருக்கட்டும் என்றார். பிறகு எல்லாம் தெரிந்தபோது நான் நினைத்து நினைத்து அழுதது இதற்காகத்தான். அந்த ஊரில் என் அப்பாவுக்காகத் துக்கம் கேட்க வந்தவர் எதிர்வீட்டு அக்கா ஒருவர்தான். அதுவும் விவரம் தெரியாமல் வந்தார். காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு நான் சிரித்தேன்.

கிறிஸ்துமஸ் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் நட்சத்திரம் கட்ட மாட்டார்கள். குடில் கிடையாது, பலகாரம் கிடையாது. அக்கம்பக்கத்தார் கொடுத்தனுப்புவதை வாங்கிக்கொள்வதோடு சரி. என் வீட்டுக்காரருக்கு அது தெரியாதா. அவர் அம்மா இறந்த வருடம் அப்படித்தான் இருட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்த வருடம் பால்கனியில் ஸ்டூல் போட்டு ஏறி, சிவப்புக் காகித நட்சத்திரத்தைக் கட்டி, உள்ளே பல்பும் போட்டார். கட்டாவிட்டால் நான் ஏன் என்று கேட்பேன். அடுப்பருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல அவரே முறுக்கு பிழிந்தார், கல்கல் என்கிற இனிப்பும் சுட்டார். என் பெயரைச் சொல்லித் தட்டுத் தட்டாகக் கட்டடம் முழுக்கக் கொடுத்துவிட்டு வந்தார். நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு, வளையத்தைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுக்கச் சொன்னேன். அப்பாவுக்கு அனுப்ப வேண்டும், அவர் பார்க்க வேண்டும் என்றேன். அவர் எடுத்தார். அந்தப் போட்டோ என்னிடம் இருக்கிறது. நன்றாகச் சிரித்தபடி இருக்கிறேன்.

ஜனவரியில் ஸ்கேன் எடுத்தார்கள். துடிப்பு நன்றாக இருக்கிறது, இனிப் பயமில்லை, கவனமாகப் போய் வரலாம் என்று டாக்டரம்மா சொன்னார். காரில் ஏறி உட்கார்ந்ததும் நான், "ஏங்க, டிக்கெட் போட்டுருங்க. வளையம் இன்னும் பச்சையாத்தான் இருக்கு, அப்பா ஏமாற மாட்டாவ" என்றேன். அவர் சாவியைப் போடவில்லை. ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு எதிரே இருந்த சுவரைப் பார்த்தபடி சொன்னார். "ஏட்டி, மாமா போயிட்டாவ. கிறிஸ்துமஸுக்கு முன்னாலயே போயிட்டாவ." நான் அழவில்லை. அழுகை எல்லாம் பிறகு ஊரில் வந்தது. அந்தக் காருக்குள் என் வாயில் வந்த முதல் கேள்வி, "அப்ப நட்சத்திரம் ஏன் கட்டுனிய?" என்பதுதான். அவர் சாவியைப் போட்டு வண்டியை எடுத்தார். வீட்டுக்கு வருகிறவரை நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

எனக்கு வந்தது துக்கத்தைவிடக் கோபம். என் அப்பா மண்ணுக்குள் போன நாளில் நான் மத்தியானத் தூக்கம் தூங்கியிருக்கிறேன். இல்லாத மனிதருக்குக் கஷாயம் வைக்கப் பக்குவம் சொல்லியிருக்கிறேன். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் என்னைச் சின்னப் பிள்ளையாக்கி வேடிக்கை பார்த்துவிட்டார்கள் என்று தோன்றியது. சொல்லியிருந்தால் குழந்தைக்கு என்ன ஆகியிருக்குமோ என்று எல்லோரும் சொன்னார்கள். ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாமே. அதை யாரால் சொல்ல முடியும். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாது, சரி. அவர் போன நேரத்தில் அவருக்காக அழும் உரிமைகூடவா எனக்குக் கிடையாது என்று கேட்டேன். லீவு கிடைக்காததால் வீட்டுக்காரர் என்னோடு ஊருக்கு வரவில்லை. நான் கிளம்புகிற அன்று வளையத்தைக் குளிர்க்கிடங்கிலிருந்து கொண்டுவந்த ஈரப் பாசியில் பொதிந்து, அட்டைப்பெட்டியில் வைத்து, விமானத்தில் கையோடு எடுத்துப் போகும்படி கட்டிக் கொடுத்தார்.

தூத்துக்குடியில் பெட்டியைப் பிரித்தபோதுதான் அதைக் கவனித்தேன். வளையத்தைத் திருப்பிப் போட்டால் பின்னால் கிளைகளைக் கட்டியிருக்கிற கம்பி தெரியும். முதலில் வந்தபோது எல்லாம் மண் நிறக் கம்பி. இப்போது பார்த்தால் முக்கால்வாசிக்கு மேல் பச்சைக் கம்பி. அடிக்கடி திருப்பித் திருப்பித் தண்ணீர் அடித்தவள் நான். கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து ஸ்கேன் வரை அசதியில் நான் அதைத் தொடாமல் படுத்திருந்த நாட்களில்தான் இது நடந்திருக்க வேண்டும். காய்ந்த கிளையை ஒவ்வொன்றாக உருவிவிட்டு, கிடங்கிலிருந்து புதுக்கிளை கொண்டுவந்து செருகிக் கட்டியிருக்கிறார். ஹாலந்திலிருந்து வந்த அந்த வளையத்தில் மிஞ்சியிருந்தது சட்டமும் ரிப்பனும் கொஞ்சம் இலையும்தான். இதிலுமா ஒளிப்பு என்று எனக்கு மண்டை கொதித்தது. போன் போட்டுக் கேட்டேன். "எதுக்கு இத மாத்துனிய? உசுரோட இருக்கவருக்கா கொண்டு போறேன்? காய்ஞ்சா காய்ஞ்சிட்டுப் போகுது." அவர் சொன்னார், "மாமா பச்சையா கேட்டாவல்லா."

கல்லறையில் சிலுவை நட்டிருந்தார்கள். அதன் காலடியில் வைத்தேன். அப்பாவோடு வேலை பார்த்த மெஷின்காரர் வந்திருந்தார். வளையத்தைக் கையில் எடுத்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். அச்சில் இலை எல்லாம் இந்தப் பக்கம் பார்த்து இருக்கும், இதில் அந்தப் பக்கம் இருக்கிறது, அச்சில் இடம் வலமாகத்தானே மாறி விழும், படக்கட்டை செதுக்கினவன் சரியாகத்தான் செதுக்கியிருக்கிறான் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு திரும்ப வைத்தார். எங்கள் ஊர் உப்புக்காற்றும் வெயிலும் அதை விட்டுவைக்கவில்லை. அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது பழுப்பேறி, தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. ஒரு மாதத்துக்கு மேல் நாங்கள் கட்டிக்காத்த பச்சை அது.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். நாங்களும் நல்லபடியாகத்தான் குடும்பம் நடத்தினோம். ஆனால் சண்டை எதில் தொடங்கினாலும் நான் கடைசியில் அந்த நட்சத்திரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன். இனி இந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் மறைக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். அவரும் சரி என்று ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டு அதை வைத்தே என்னை ஓட்டவும் செய்தார். ஆபீஸிலிருந்து போன் பண்ணி, "மத்தியானம் ஒரு சமோசா தின்னுட்டேன். பொறவு மறைச்சிட்டேன்னு சொல்லப்பிடாது" என்பார். பீங்கான் கோப்பை உடைந்தால், சட்டையில் கறை பட்டால், பல் ஆடினால் எல்லாவற்றையும் நின்று அறிக்கை வாசிப்பார். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரித்துவிடுவேன். ஆனாலும் எப்போதாவது தனியாக இருக்கும்போது, அன்று என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டால், அந்த ஒன்றுக்கு மட்டும் அவரிடமிருந்து பதில் வராது. எழுந்து போய்விடுவார்.

போன வருடம் அவர் போய்விட்டார். ஊருக்கே திரும்பி வந்து குடியேறியிருந்தோம். காலையில் பல் துலக்கிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். மகள் கனடாவில் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஓடிவந்தான். எனக்கு முன்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டு, "பிள்ள அங்க ஒத்தையில இருக்கா. அப்பாவுக்குச் சொகமில்ல, ஆஸ்பத்திரில வச்சிருக்கோம், ஒடனே கெளம்பி வான்னு மட்டும் சொல்லு. மிச்சத்த இங்க வந்து பாத்துக்கிடுவோம்" என்றான். நான் அவனை ஒரு பார்வை பார்த்தேன். என்னிடம் செய்தது போதாதா என்று கேட்டேன். போனை எடுத்து அவளைக் கூப்பிட்டு, ஒரு வார்த்தையைக்கூட மழுப்பாமல், அப்பா இறந்துவிட்டார் என்று சொன்னேன். அந்த நேரத்திலும், என் மகளுக்கு நான் அவள் உரிமையைக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு நிமிர்வு எனக்குள் இருந்தது.

ஒரு பகலும் இரவும் பயணம் செய்து, துபாயில் விமானம் மாறி, அவள் வந்து சேர்ந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் எல்லாம் போன பிறகு என் பக்கத்தில் பாயில் வந்து படுத்துக்கொண்டாள். அழுது அழுது குரல் இறங்கிப்போயிருந்தது. என்மேல் கோபமாகச் சொல்லவில்லை, சும்மா சொல்லுகிற மாதிரிதான் சொன்னாள். "அம்மா, அப்பா ஐசியூல இருக்காங்கன்னு நீங்க சொல்லியிருக்கலாம். ஃபிளைட்ல எல்லாரும் தூங்கிட்டாங்க. எனக்கு ப்ரே பண்ணணும்னு தோணிச்சு. கையக் கூப்பினேன். என்ன கேக்கிறதுன்னு தெரியல. கேக்கிறதுக்கு எதுவுமே இல்ல. வீடு வர்ற வரைக்குமாவது கேக்க ஏதாவது வச்சிருக்கலாம்மா."

அவள் தூங்கும்வரை முதுகைத் தடவிக்கொடுத்தபடி கிடந்தேன். அந்த டிசம்பரில், அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று அண்ணன் சொன்ன நாளிலிருந்து, நான் தினமும் அப்பாவின் தொண்டைக்காக ஜெபம் செய்தேன். குளியலறை நாற்காலியில் உட்கார்ந்து, சத்தமாக, என் வீட்டுக்காரர் காதில் விழும்படி. ஆண்டவரே, அப்பாவுக்குக் குரல் வர வேண்டும், நான் போகிறவரை அவர் சுகமாக இருக்க வேண்டும் என்று. முடிக்கும்போது அவரும் தண்ணீருக்குள்ளிருந்து கையை எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டு, ஆமென் என்பார். அவர் செய்தது சரியென்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு காலையும் அந்த ஆமெனை அவர் எப்படிச் சொன்னார் என்று அவரிடம் கேட்க வேண்டும். இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தார், இதை நான் கேட்கவே இல்லை.